ரீஸ்டோர் ஏன் இழுக்கிறது? வட்டு அமைப்பு பற்றிய கேள்வி – பதில்

டேட்டாபேஸ் ரீஸ்டோர் ஆகும் (பேக்கப்பிலிருந்து மீண்டும் உருவாகும்) நேரம் பற்றி வந்த கேள்விகளில் பெரும்பாலானவை கடைசியில் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கின்றன: எந்தக் கோப்பு எந்த வட்டில் இருக்கிறது? அதனால் இந்த முறை பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: எங்கள் எஸ்கியூஎல் சர்வர் டேட்டாபேஸை பேக்கப் எடுக்க முக்கால் மணி நேரம் ஆகிறது. அதே கணினியில் அதை ரீஸ்டோர் செய்ய ஒன்றரை மணி நேரம் ஆகிறது. முதல் 35, 40 நிமிடம் 0 சதவீதத்திலேயே நிற்கிறது. டேட்டா ஃபைல் 300 ஜிபி, அதில் உண்மையில் தரவு இருப்பது 180 ஜிபி. லாக் ஃபைல் (மாற்றங்கள் அனைத்தும் பதிவாகும் கோப்பு) 90 ஜிபி. கம்ப்ரெஸ் செய்த பேக்கப் 60 ஜிபி. டேட்டா டி டிரைவில், லாக் ஈ டிரைவில், பேக்கப் எஃப் டிரைவில் எனப் பிரித்துத்தான் வைத்திருக்கிறோம். பிறகும் ஏன்?

பதில்: டி, ஈ, எஃப் மூன்றும் தனித்தனி வட்டுகளா, ஒரே ஹார்டு டிஸ்க்கின் மூன்று பார்ட்டிஷன்களா? நீங்கள் தந்திருக்கும் நேரங்களைக் கூட்டிக் கழித்துப் பார்த்தால் ஒரே வட்டு என்றுதான் தெரிகிறது. டிரைவ் எழுத்து என்பது பெயர்ப்பலகை மட்டுமே. மூன்று பலகை மாட்டினாலும் உள்ளே படிக்கவும் எழுதவும் இருக்கும் தலைகள் ஒரே கையில்தான் கோத்திருக்கின்றன.

முதலில் அந்த 0 சதவீதத்தைப் பார்ப்போம். ரீஸ்டோர் தொடங்கியதும் சர்வர் பேக்கப் எடுத்தபோது இருந்த அதே அளவில் கோப்புகளை உருவாக்குகிறது. 180 ஜிபி தரவுதானே என்று அது பார்ப்பதில்லை. 300 ஜிபி கோப்பை முழுதாக உருவாக்கி, முழுவதையும் பூஜ்ஜியத்தால் நிரப்புகிறது. லாக் ஃபைலுக்கும் அப்படியே. ஆக மொத்தம் 390 ஜிபி. நிமிடத்துக்கு 7200 சுழற்சி கொண்ட வட்டு ஒன்று தொடர்ச்சியாக எழுதும்போது விநாடிக்கு 180 எம்பி தரும் என்று வைத்தால், இதற்கு மட்டும் 37 நிமிடம். பேக்கப்பின் முதல் பக்கமே அதற்குப் பிறகுதான் வந்து சேர்கிறது. மெஷின் உறைந்து போகவில்லை, பூஜ்ஜியம் எழுதிக்கொண்டிருக்கிறது.

அடுத்து நகல். 60 ஜிபி படிக்க வேண்டும், 180 ஜிபி எழுத வேண்டும். இரண்டும் ஒரே வட்டில். நேர்கோட்டில் ஓடினால் 240 ஜிபிக்கு 23 நிமிடம் போதும். ஆனால் தலை பேக்கப் இருக்கும் இடத்துக்கும் டேட்டா இருக்கும் இடத்துக்கும் மாறி மாறி ஓடுகிறது. ஒரு தாவலுக்கு 8, 9 மில்லிவிநாடி. அதன்பின் தேவையான இடம் சுழன்று வர சராசரியாக 4.2 மில்லிவிநாடி. 1 எம்பி படிக்க ஆவது 5.6 மில்லிவிநாடிதான். வேலையைவிட நடைக்கே அதிக நேரம் போகிறது. பஃபர்கள் (படித்ததை இடையில் தாங்கும் நினைவகம்) கொஞ்சம் ஈடு கட்டினாலும் 23 நிமிடம் 45 ஆவது இப்படித்தான். பேக்கப் எடுக்கும்போதும் இதே கதை: 180 படித்து 60 எழுதுகிறீர்கள், அதே 240 ஜிபி, அதே முக்கால் மணி. ஆகவே உங்கள் பேக்கப்புக்கும் ரீஸ்டோருக்கும் உள்ள வித்தியாசம் ஏறக்குறைய முழுவதும் பூஜ்ஜியம் நிரப்பும் வேலைதான்.

சரிசெய்ய மூன்று காரியங்கள் உண்டு. வரிசையும் முக்கியம், ஏனென்றால் முதல் இரண்டுக்கும் செலவே இல்லை.

விண்டோஸின் லோக்கல் செக்யூரிட்டி பாலிசியில் ‘பெர்ஃபார்ம் வால்யூம் மெயின்டெனன்ஸ் டாஸ்க்ஸ்’ என்ற உரிமையை எஸ்கியூஎல் சர்வர் சர்வீஸ் ஓடும் கணக்குக்குக் கொடுங்கள். சர்வீஸை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். 2016 பதிப்பிலிருந்து இன்ஸ்டால் செய்யும்போதே இதற்கு ஒரு டிக் பெட்டி இருக்கிறது. அவசரத்தில் பலர் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். இதன் பிறகு 300 ஜிபி டேட்டா ஃபைல் கண் இமைக்கும் நேரத்தில் உருவாகிவிடும். ஒரு எச்சரிக்கை: பூஜ்ஜியம் எழுதாததால், அந்த இடத்தில் முன்பு அழிக்கப்பட்ட பழைய தரவின் மிச்சம் கோப்புக்குள் இருக்கும். மற்றவர்களும் பகிரும் வட்டு என்றால் யோசித்துச் செய்யுங்கள்.

இந்த உரிமை ரீஸ்டோரில் லாக் ஃபைலுக்கு உதவாது. 90 ஜிபி லாக் என்றால் எட்டரை நிமிடம் எழுதித்தான் தீர வேண்டும். அது ஏன் 90 ஜிபி ஆனது என்று பாருங்கள். ஃபுல் ரெக்கவரி மாடலில் (லாக் பேக்கப் எடுக்கும்வரை லாக்கை விடாமல் வைத்திருக்கும் முறை) வைத்துவிட்டு லாக் பேக்கப் எடுக்காமல் விட்டதே பெரும்பாலும் காரணம். லாக் பேக்கப்பை ஒழுங்காக ஓடவிட்டு, பிறகு கோப்பை 16 ஜிபி அளவுக்குச் சுருக்கினால் எட்டரை நிமிடம் ஒன்றரை நிமிடமாகும். இதை அடுத்த பேக்கப்புக்கு முன்பே செய்ய வேண்டும். பெரிய லாக்குடன் எடுத்த பேக்கப்பை ரீஸ்டோரின்போது சுருக்க வழியில்லை.

மூன்றாவது, பேக்கப்பை வேறு ஒரு வட்டுக்கு, உண்மையிலேயே வேறான வட்டுக்கு, மாற்றுங்கள். தலைக்கு ஓட்டம் இல்லாவிட்டால் 180 ஜிபி எழுத 17 நிமிடம்தான். மூன்றும் சேர்ந்தால் ஒன்றரை மணி நேரம் 20, 25 நிமிடத்துக்கு வந்துவிடும். சர்வரை மாற்றத் தேவையில்லை.

தற்போதைக்கு ஒரே வட்டில்தான் ஓட்டியாக வேண்டும் என்றால், ரீஸ்டோர் கட்டளையில் மேக்ஸ்டிரான்ஸ்ஃபர்சைஸ் (ஒரே தடவையில் நகர்த்தும் அளவு) மதிப்பை உச்ச அளவான 4 எம்பிக்கு உயர்த்திப் பாருங்கள். ஒரு தாவலுக்கு அதிகம் அள்ளிவரும். பஃபர்கவுன்ட் (பஃபர்களின் எண்ணிக்கை) 50 என்றால் 200 எம்பி நினைவகம் எடுக்கும் என்பதை மட்டும் கணக்கில் வையுங்கள்.

இன்னொன்று: பழைய டேட்டாபேஸின் மேலேயே ரீஸ்டோர் செய்யப்போகிறீர்கள் என்றால் அதை முன்கூட்டியே டிராப் செய்யாதீர்கள் (நீக்காதீர்கள்). ரீப்ளேஸ் விருப்பத்துடன் ரீஸ்டோர் செய்தால், இருக்கும் டேட்டா ஃபைல்களையே சர்வர் பயன்படுத்திக்கொள்ளும். அதற்கு முன் லாக்கின் கடைசிப் பகுதியை பேக்கப் எடுக்க மறக்க வேண்டாம்.

கேள்வி: 100 சதவீதம் வந்துவிட்டது என்று காட்டிய பிறகும் அரை மணி நேரம் ‘ரீஸ்டோரிங்’ நிலையிலேயே இருக்கிறது. இதற்கும் வட்டுதான் காரணமா?

பதில்: பாதி. அந்த 100 சதவீதம் நகல் எடுக்கும் கட்டத்துக்கு மட்டுமானது. அதற்குப் பிறகு பேக்கப் ஓடிக்கொண்டிருந்தபோது நடந்த மாற்றங்களை லாக்கிலிருந்து எடுத்து மறுபடி செய்யும் ரீடூ கட்டமும், முடியாமல் நின்ற டிரான்ஸாக்‌ஷன்களைத் திருப்பும் அன்டூ கட்டமும் இருக்கின்றன. நகல் கட்டம் தொடர் எழுத்து, அதாவது ஒரே ஓட்டமாக எழுதுவது. இவை சிதறிய எழுத்து. நகல் கட்டத்தில் விநாடிக்கு 180 எம்பி தந்த அதே ஹார்டு டிஸ்க், 8 கேபி பக்கங்களாக அங்கொன்றும் இங்கொன்றுமாக எழுதும்போது விநாடிக்கு 80 வேலைகள்தான் செய்யும். அதாவது 1 எம்பி கூட இல்லை. டேட்டாவை எஸ்எஸ்டிக்கு மாற்றினால் மிக அதிகப் பலன் தெரிவது இங்கேதான்.

மறு பாதி லாக்கின் உள் அமைப்பு. லாக் ஃபைல் உள்ளே விஎல்எஃப் எனப்படும் துண்டுகளாகப் பிரிந்திருக்கும். பத்துப் பத்து எம்பியாகத் தானே வளரவிட்ட லாக்கில் இவை ஆயிரக்கணக்கில் குவிந்துவிடும். ரெக்கவரி தொடங்கும்போது அத்தனையையும் கண்டறிந்து வரிசைப்படுத்த வேண்டும். டிஎம் டிபி லாக் இன்ஃபோ என்ற சிஸ்டம் ஃபங்ஷனைக் கேட்டால் ஒரு துண்டுக்கு ஒரு வரி வரும், வரிகளை எண்ணிக்கொள்ளுங்கள். சில நூறு என்றால் கவலை வேண்டாம். ஆயிரங்களில் இருந்தால், லாக் பேக்கப் எடுத்து, கோப்பை முடிந்தவரை சுருக்கி, பிறகு தேவையான அளவுக்கு 8 ஜிபி படிகளாக நீங்களே வளர்த்துவிடுங்கள். இதுவும் அடுத்த பேக்கப்புக்கு முன்பே செய்ய வேண்டிய வேலைதான்.

கேள்வி: சர்வரில் நான்கு ஹார்டு டிஸ்க் போட இடம் இருக்கிறது. ரெய்டு 5, ரெய்டு 10, அல்லது இரண்டிரண்டாக ரெய்டு 1: ரீஸ்டோர் வேகத்துக்கு எது நல்லது?

பதில்: ரெய்டு என்பது பல வட்டுகளை ஓர் அணியாகச் சேர்க்கும் முறை: ரெய்டு 1 ஒரே தரவை இரண்டு வட்டுகளில் எழுதும், ரெய்டு 10 அப்படிப்பட்ட ஜோடிகளில் தரவைப் பகிர்ந்து எழுதும், ரெய்டு 5 தரவோடு பாரிட்டி எனும் மீட்புக் கணக்கையும் வட்டுகளில் பகிர்ந்து வைக்கும். எது நல்லது என்பது பேக்கப் எங்கிருந்து வரப்போகிறது என்பதைப் பொறுத்தது. வேறு ஒரு மெஷினிலிருந்து நெட்வொர்க் வழியாக வரும் என்றால் நான்கையும் சேர்த்து ரெய்டு 10. பேக்கப்பும் இதே பெட்டிக்குள்தான் இருக்க வேண்டும் என்றால் இரண்டு ரெய்டு 1 ஜோடிகள்: ஒன்றில் டேட்டாபேஸ், மற்றொன்றில் பேக்கப். நான்கையும் ஒரே அணியாக்கி, அதிலேயே பேக்கப்பையும் வைத்தால் முதல் கேள்வியில் கண்ட தலையோட்டம் நான்கு வட்டுகளிலும் நடக்கும். எப்படி வைத்தாலும் ஒரு பிரதி பெட்டிக்கு வெளியே இருந்தாக வேண்டும். வட்டுகளை நிர்வகிக்கும் கன்ட்ரோலர் போனால் இரண்டு ஜோடிகளும் சேர்ந்தே போகும்.

ரெய்டு 5 மெதுவானது என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள். அது முழு உண்மை இல்லை. நகல் கட்டத்தில் பெரிய தொடர் எழுத்துகள் வரும்போது, நல்ல கேஷ் (வேகமான இடைக்கால நினைவகம்) உள்ள கன்ட்ரோலர் ஒரு முழு வரிசையைச் சேர்த்து ஒரேயடியாக எழுதிவிடும். அப்போது மூன்று வட்டுகளின் வேகம் கிடைக்கும். ரெய்டு 10-இல் இரண்டு வட்டுகளின் வேகம்தான். நிலைமை மாறுவது ரீடூவில். ஒரு சிறு எழுத்துக்கு ரெய்டு 5 பழைய தரவைப் படித்து, பழைய பாரிட்டியைப் படித்து, புதிய தரவை எழுதி, புதிய பாரிட்டியை எழுத வேண்டும்: நான்கு வேலை. இரண்டு பாரிட்டி வைக்கும் ரெய்டு 6-இல் ஆறு. ரெய்டு 10-இல் இரண்டே. நான்கு வட்டுகள் சேர்ந்து விநாடிக்கு 320 வேலை செய்யும் என்றால், ரெய்டு 10-இல் 160 எழுத்துகள், ரெய்டு 5-இல் 80, ரெய்டு 6-இல் 53. ரீஸ்டோர் முடிந்த பிறகும் அந்த வட்டுகளில்தான் தினசரி வேலை ஓடும் என்பதால் ரெய்டு 10-ஐயே பரிந்துரைக்கிறோம்.

எந்த ரெய்டு ஆனாலும் இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். ஒன்று, கன்ட்ரோலரின் பேட்டரி. அது செத்துவிட்டால் பெரும்பாலான கன்ட்ரோலர்கள் எழுத்துக் கேஷைத் தாமாகவே அணைத்து, ஒவ்வொரு எழுத்தும் வட்டில் படியும்வரை காத்திருக்கத் தொடங்கும். சாதாரண நாளில் இது கண்ணில் படாமல் போகலாம், ரீஸ்டோரன்று வேகம் பல மடங்கு சரியும். இரண்டு, வட்டு போய்ப் புதிதாக அணி அமைத்திருந்தால், பின்னணியில் பாரிட்டியையோ பிரதியையோ கட்டும் வேலை மணிக்கணக்கில் ஓடும். கன்ட்ரோலர் அமைப்பில் அதன் முன்னுரிமையைக் குறைத்துவிட்டு ரீஸ்டோரைத் தொடங்குங்கள், முடிந்ததும் பழையபடி உயர்த்துங்கள்.

கேள்வி: புதிய என்விஎம்இ எஸ்எஸ்டி வாங்கிப் போட்டோம். ரீஸ்டோர் விநாடிக்கு 2,000 எம்பி வேகத்தில் தொடங்குகிறது. சில நிமிடத்தில் 150க்கு விழுந்துவிடுகிறது. பழுதா?

பதில்: பழுது இல்லை, அதன் இயல்பே அப்படி. வீட்டு உபயோக எஸ்எஸ்டிகள், குறிப்பாக ஒரு செல்லில் நான்கு பிட் எழுதும் கியூஎல்சி வகை, தங்கள் கொள்ளளவில் ஒரு பகுதியைச் செல்லுக்கு ஒரு பிட் முறையில் கேஷாக வைத்திருக்கும். அட்டைப்பெட்டியில் அச்சிட்ட வேகம் அந்தக் கேஷின் வேகம். அது நிரம்பிய பிறகு கிடைப்பதுதான் ஃபிளாஷின் சொந்த வேகம். எஸ்எஸ்டி ஏற்கெனவே முக்கால்வாசி நிரம்பியிருந்தால் கேஷும் சுருங்கிவிடும், இன்னும் சீக்கிரம் விழும். சூடேறினாலும் வேகம் குறையும். ஆனால் அப்போது வேகம் ஏறி இறங்கும், இப்படி ஒரேயடியாக விழுந்து அங்கேயே கிடக்காது.

வாங்கும்போது உச்ச வேகத்தைப் பார்க்காமல் தொடர்ந்து எழுதும் வேகத்தைக் கேளுங்கள். மின்தடைப் பாதுகாப்புக்கான கெப்பாசிட்டர் உள்ள சர்வர் வகையையே தேர்ந்தெடுங்கள். லாக் எழுத்து ஒவ்வொன்றும் ‘வட்டில் படிந்துவிட்டது’ என்ற உறுதிக்குக் காத்திருக்கும். கெப்பாசிட்டர் உள்ள எஸ்எஸ்டி தன் நினைவகத்தில் வாங்கியதுமே அந்த உறுதியைத் தரலாம், மற்றவை ஃபிளாஷில் எழுதி முடித்தே தர முடியும்.

ஹார்டு டிஸ்க்கிலும் இதற்கு ஓர் உறவுக்காரர் இருக்கிறார்: தடங்களை ஓட்டுவீடு போல ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி எழுதும் எஸ்எம்ஆர் வகை. பேக்கப்பை வைத்துப் படிக்க அது போதும். ரீஸ்டோர் ஆகும் இடமாக அதை ஒருபோதும் வைக்காதீர்கள்.

கேள்வி: போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் பிஜி ரீஸ்டோர் என்ற மீட்புக் கருவியை ஒரே நேரத்தில் ஓடும் 8 ஜாப் கொடுத்து ஓட்டினேன். 16 கோர் சர்வர். ஒரு ஜாப்பைவிட மெதுவாகவே ஓடியது. எங்கே தவறு?

பதில்: டேட்டா இருப்பது ஒற்றை ஹார்டு டிஸ்க்கில் என்றால், எட்டுப் பேர் ஒரே கதவில் முட்டிக்கொள்கிறார்கள். எட்டு அட்டவணைகளுக்கு ஒரே நேரத்தில் எழுதும்போது தொடர் எழுத்து சிதறிய எழுத்தாகிவிடுகிறது. ஒற்றை ஹார்டு டிஸ்க்குக்கு 2 ஜாப் போதும். எஸ்எஸ்டி என்றால் கோர் எண்ணிக்கை வரை போகலாம். ஆனால் ஓர் அட்டவணையின் தரவை ஒரு ஜாப்தான் ஏற்றும். மொத்தத்தில் முக்கால்வாசி ஒரே அட்டவணையில் இருந்தால் எத்தனை ஜாப் கொடுத்தாலும் அது முடியும்வரை காத்திருக்க வேண்டும். ஜாப் பிரிக்க டம்ப் (பிஜி ரீஸ்டோர் படிக்கும் பேக்கப்) கஸ்டம் அல்லது டைரக்டரி வடிவில் இருக்க வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். சாதாரண எஸ்கியூஎல் உரைக் கோப்பில் அது நடக்காது.

வட்டுக்கு வரும் வேலைகளை எண்ணிப் பாருங்கள்: டம்ப்பைப் படிப்பது, அட்டவணையில் எழுதுவது, டபிள்யூஏஎல் (போஸ்ட்கிரெஸின் லாக், அமைப்புகளின் பெயரில் ‘வால்’) எழுதுவது, இண்டெக்ஸ் கட்டும்போது வரிசைப்படுத்தும் தற்காலிகக் கோப்புகள். நான்கு ஓட்டங்கள். இரண்டாவது வட்டு ஒன்று கிடைத்தால் முதலில் டம்ப்பை அங்கே மாற்றுங்கள். அடுத்து டபிள்யூஏஎல்: புதிய கிளஸ்டர் (போஸ்ட்கிரெஸின் தரவு அடைவு முழுவதும்) என்றால் இனிட்டிபி கட்டளையிலேயே அதற்கான பாதையைக் கொடுக்கலாம், பழையது என்றால் சர்வரை நிறுத்தி, பிஜி வால் அடைவை நகர்த்தி, பழைய இடத்தில் சிம்லிங்க் (புதிய இடத்தைக் காட்டும் இணைப்பு) போடுங்கள். அந்த வட்டும் டேட்டா வட்டுக்கு நிகரான நம்பகம் உள்ளதாக இருக்க வேண்டும். டபிள்யூஏஎல் போனால் கிளஸ்டரே போனதுபோல்தான். தற்காலிகக் கோப்புகளை டெம்ப் டேபிள்ஸ்பேசஸ் அமைப்பின் மூலம் வேறு வட்டுக்கு அனுப்பலாம்.

அமைப்புகளில் மெயின்டெனன்ஸ் வொர்க் மெம் (இண்டெக்ஸ் கட்டுவது போன்ற வேலைகளுக்கான நினைவகம்) இயல்பாக 64 எம்பி. ரீஸ்டோர் நேரத்துக்கு மட்டும் 1, 2 ஜிபிக்கு உயர்த்தினால் தற்காலிகக் கோப்பு எழுதுவதே வெகுவாகக் குறையும். ஒவ்வொரு ஜாப்பும் அவ்வளவு எடுக்கக்கூடும், அதனால் ஜாப் எண்ணிக்கையால் பெருக்கிப் பாருங்கள். மேக்ஸ் வால் சைஸ் இயல்பாக 1 ஜிபி. அதனால் செக்பாயின்ட் (நினைவகத்தில் மாறிய பக்கங்களை வட்டில் எழுதும் வேலை) அடிக்கடி வந்து வட்டை அடிக்கும். 32 ஜிபிக்கு உயர்த்தி, செக்பாயின்ட் டைம்அவுட்டை 5 நிமிடத்திலிருந்து 30 ஆக்குங்கள். வால் லெவலை மினிமல் ஆக்கி, மேக்ஸ் வால் சென்டர்ஸைப் பூஜ்ஜியமாக்கினால், பல ஜாப்களில் ஏற்றும் தரவுக்கு டபிள்யூஏஎல் எழுதுவதே பெரும்பாலும் தவிர்க்கப்படும். நான்கு ஓட்டங்களில் ஒன்று காணாமல் போகும். முடிந்ததும் எல்லாவற்றையும் பழைய மதிப்புக்குத் திருப்பி, அனலைஸ் (அட்டவணைப் புள்ளிவிவரம் சேர்க்கும் கட்டளை) ஓட்டி, புதிதாக ஒரு பேஸ் பேக்கப் (கிளஸ்டர் முழுவதன் பிரதி) எடுத்தாக வேண்டும். மினிமலுக்கு முன் எடுத்த பேஸ் பேக்கப்பை வைத்து அந்த இடைவெளியைத் தாண்டி ரெக்கவரி செய்ய முடியாது.

கேள்வி: மைஎஸ்கியூஎல்லுக்கு இதுபோல் ஏதாவது உண்டா?

பதில்: உண்டு. மைஎஸ்கியூஎல்லின் சேமிப்பு எஞ்சினான இன்னோடிபி ஒவ்வொரு பக்கத்தையும் முதலில் டபுள்ரைட் பகுதியில் எழுதி, பிறகு சரியான இடத்தில் எழுதும். 8.0.20 பதிப்பிலிருந்து அந்தப் பகுதி தனிக் கோப்பு. அதை வேகமான வேறு வட்டில் வைக்கலாம். 8.0.21-இலிருந்து, புதிதாகத் தொடங்கிய காலி சர்வரில் தரவு ஏற்றும்போது மட்டும் ரீடூ லாக்கை நிறுத்தி வைக்கலாம். நடுவில் மின்சாரம் போனால் அந்த டேட்டா அடைவைத் தூக்கிப்போட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதற்குத் தயாராக இருந்தால் மட்டும் செய்யுங்கள். எக்ஸ்ட்ராபேக்கப் என்ற பேக்கப் கருவியைப் பயன்படுத்துபவர்கள் பேக்கப்பை டேட்டா இருக்கும் அதே ஃபைல்சிஸ்டத்தில் தயார் செய்தால், மூவ்-பேக் விருப்பம் பெயரை மாற்றுவதோடு முடிந்துவிடும். வட்டைப் பிரிப்பதைவிடச் சேர்த்து வைப்பது வேகம் தரும் இடம் இது. ஆனால் அந்த பேக்கப் அதன் பிறகு பேக்கப்பாக இருக்காது, ஆகவே பிரதி ஒன்று வேறிடத்தில் இருக்கட்டும்.

கேள்வி: பேக்கப்பை நான்கு கோப்புகளாகப் பிரித்து எடுத்தால் ரீஸ்டோர் நான்கு மடங்கு வேகமாகுமா?

பதில்: நான்கும் நான்கு வட்டுகளில் இருந்தால், எழுதும் பக்கம் தாங்கினால், வேகம் கூடும். எஸ்கியூஎல் சர்வர் பேக்கப் கோப்புக்கு ஒரு த்ரெட் வைத்துப் படிக்கும். ஒரே ஹார்டு டிஸ்க்கில் நான்கையும் வைத்தால் எதிர்விளைவுதான். எஸ்எஸ்டியிலோ நெட்வொர்க் பகிர்விலோ ஓரளவு பலன் தெரியும். நான்கில் ஒரு கோப்பு கெட்டாலும் மற்ற மூன்றும் வீண்.

கேள்வி: கிளவுடில் ஸ்னாப்ஷாட்டிலிருந்து (குறிப்பிட்ட நேரத்தில் வட்டு இருந்த நிலையின் பிரதி) வட்டை இரண்டே நிமிடத்தில் மீட்டுவிட்டோம். ஆனால் டேட்டாபேஸ் நாள் முழுக்கத் தவழ்கிறது. வட்டுகளையும் நான்காகப் பிரித்துத்தான் வைத்திருக்கிறோம்.

பதில்: இரண்டு நிமிடத்தில் கிடைத்தது வட்டின் உருவம்தான், உள்ளடக்கம் இன்னும் வந்து சேரவில்லை. அமேசானின் இபிஎஸ் வட்டில், ஸ்னாப்ஷாட்டின் ஒவ்வொரு பிளாக்கும் முதல்முறை தொடப்படும்போதுதான் எஸ்3 கிடங்கிலிருந்து இழுத்து வரப்படுகிறது. டேட்டாபேஸைத் திறப்பதற்கு முன் எஃப்ஐஓ அல்லது டிடி என்ற கருவி கொண்டு வட்டு முழுவதையும் ஒருமுறை படித்துவிடுங்கள். அதற்கு நேரமில்லாத முக்கியமான வட்டுகளுக்கு, அந்த ஸ்னாப்ஷாட்டில் ஃபாஸ்ட் ஸ்னாப்ஷாட் ரீஸ்டோர் வசதியை முன்கூட்டியே இயக்கி வைக்கலாம், அதற்குத் தனிக் கட்டணம் உண்டு.

வேக வரம்பையும் பாருங்கள். இபிஎஸ்ஸின் ஜிபி3 (gp3) வகை வட்டின் அடிப்படை அளவு விநாடிக்கு 3,000 வேலைகள், 125 எம்பி. 500 ஜிபிக்கு 68 நிமிடம். வட்டின் வரம்பை உயர்த்தினாலும், நான்காகப் பிரித்தாலும், சர்வருக்கே ஒரு மொத்த வரம்பு உண்டு. சிறிய சர்வர் அதில்தான் முட்டிக்கொண்டு நிற்கும். சொந்த மெஷினில் விர்ச்சுவல் சர்வர் ஓட்டுபவர்களுக்கும் இதே பாடம்: நான்கு விர்ச்சுவல் வட்டுகளும் ஒரே டேட்டாஸ்டோரில் (அவற்றைத் தாங்கும் சேமிப்பிடம்) இருந்தால் பிரித்ததாகப் பொருள் இல்லை.

கேள்வி: தடை எங்கே என்று எதையும் வாங்குவதற்கு முன்பே கண்டுபிடிக்க வழி உண்டா?

பதில்: ஒரு பக்கத்தை மட்டும் ஓட்டி நேரம் எடுங்கள். எஸ்கியூஎல் சர்வரில் ரீஸ்டோர் வெரிஃபைஒன்லி கட்டளை பேக்கப் முழுவதையும் படிக்கும், எதையும் எழுதாது. அதற்கு ஆகும் நேரமே படிக்கும் பக்கத்தின் நேரம். பேக்கப் நெட்வொர்க்கில் இருந்தால் இந்த எண் உடனே காட்டிக்கொடுக்கும்: விநாடிக்கு 110 எம்பியைச் சுற்றி நின்றால் 1 ஜிகாபிட் கேபிள்தான் தடை, வட்டு அல்ல.

எழுதும் பக்கத்துக்கு விண்டோஸில் டிஸ்க்ஸ்பிடி, லினக்ஸில் எஃப்ஐஓ. கேஷைத் தவிர்க்கும் நேரடி எழுத்து, 1 எம்பி பிளாக், தொடர் எழுத்து என ஒரு சோதனை. 8 கேபி பிளாக், சிதறிய எழுத்து என இன்னொன்று. முதலாவது நகல் கட்டத்தைச் சொல்லும், இரண்டாவது ரீடூவைச் சொல்லும். சோதனைக் கோப்பு உங்கள் டேட்டாபேஸ் அளவாவது இருக்கட்டும். 10 ஜிபியில் நிறுத்தினால் எஸ்எஸ்டியின் கேஷை மட்டும் அளந்து ஏமாறுவீர்கள். பூஜ்ஜியங்களுக்குப் பதிலாக ரேண்டம் தரவை எழுதச் சொல்லுங்கள்.

பிறகு உண்மையான ரீஸ்டோரை ஓட்டி, விண்டோஸில் ரிசோர்ஸ் மானிட்டரையோ லினக்ஸில் ஐயோஸ்டாட்டையோ பார்த்துக்கொண்டிருங்கள். எழுதும் வட்டு நிரம்பி, படிக்கும் வட்டு சும்மா இருந்தால் எழுதும் பக்கம் தடை. மாறி இருந்தால் படிக்கும் பக்கம். இரண்டும் சும்மா இருந்து ஒரே ஒரு கோர் மட்டும் 100 சதவீதத்தில் நின்றால், டிகம்ப்ரெஸ் செய்வதிலோ லாக்கை மறுபடி ஓட்டுவதிலோ நேரம் போகிறது. போஸ்ட்கிரெஸில் டபிள்யூஏஎல் மறு ஓட்டம் ஒற்றை ப்ராசஸ் வேலை. 15ஆம் பதிப்பிலிருந்து தேவைப்படும் பக்கங்களை முன்கூட்டியே வட்டிலிருந்து கேட்டு வைக்கும் வசதி வந்திருக்கிறது. கோர்தான் தடையாக இருக்கும் நிலையில் வட்டை மாற்றுவதால் எதுவும் குறையாது. பேஸ் பேக்கப்பை வாரத்துக்கு ஒன்றுக்குப் பதில் தினம் ஒன்று என்று எடுத்து, மறுபடி ஓட்ட வேண்டிய லாக்கின் அளவைக் குறையுங்கள்.